சின்னவள் ஒழுங்குபடுத்திய பெயர்கள்

சின்னவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டுகிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்பார் அப்பா. அக்காவைக் கேட்டால் கதையே வேறு. தையல் கடைக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கி நின்றபடியே முழுவதையும் கேட்டாக வேண்டும். புரோகிராம் செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போய்விடுவார்களாம். எங்கே அமுக்குவது, எது மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று உட்கார்ந்து கையேடாக எழுதுவது தன் தங்கைதானாம். அவள் எழுதாவிட்டால் அந்தப் புரோகிராம் இருந்தும் இல்லாத கணக்குதானாம். வந்தவர் அளவு கொடுத்துவிட்டு இதையும் வாங்கிக்கொண்டு போவார்.

அக்கா சொல்வதில் பொய் கிடையாது. உப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் சின்னவள் முன்வரிசைப் பெண் இல்லை. ஆனால் ஒன்றை அவள் விளக்கினால் எப்பேர்ப்பட்ட மண்டையிலும் ஏறும். தெருவில் யாராவது வழி கேட்டால் மற்றவர்கள், நேராகப் போய் இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்பார்கள். அவளோ, எந்த இடத்தில் தப்பான தெருவுக்குள் நுழையத் தோன்றும், அங்கே எதைப் பார்த்தால் திரும்பாமல் நேரே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வாள். அவளிடம் வழி கேட்டவர் யாரும் இரண்டாவது தடவை கேட்க வந்ததில்லை.

இன்னொரு குணம் ஒழுங்கு. அக்காவின் கடையில் நாலு கண் பொத்தான் டப்பாவுக்குள் இரண்டு கண் பொத்தான் ஒன்று கிடந்தால் போதும், அவளுக்குச் சாப்பாடு இறங்காது. டப்பாவைத் தரையில் கொட்டி உட்கார்ந்துவிடுவாள். "எந்தப் பொத்தானும் உன்கிட்ட வந்து அழலைடி, எழுந்திரு" என்று அக்கா அதட்டுவாள். அதட்டினாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான். அது தன் கைப்பழக்கம், தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வாள்.

படிப்பை முடித்துக் கொஞ்ச நாள் அங்குமிங்கும் தட்டச்சு வேலை பார்த்த பிறகு, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இயங்கிய ஒரு சின்னக் குழுவில் சின்னவள் சேர்ந்தாள். சிறிய மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி வைக்க ஃபிரிட்ஜ் இருக்குமே, அதற்குள் குளிர் கூடினாலும் குறைந்தாலும் நர்ஸின் போனுக்குத் தகவல் அனுப்புகிற மென்பொருளை அவர்கள் செய்தார்கள். அது கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது. யாரும் எடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ ஒரு திருத்தம், ஒரு பத்தி, ஒரு படம் என்று அனுப்பிக்கொண்டிருப்பார்கள். வெளியே யாராவது பொதுவில் கொடுத்திருந்ததையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள்.

சும்மா கிடைக்கிறது என்பதால் அது கேட்பாரற்றது ஆகிவிடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். இதை எழுதியவர் யார், எந்த வருஷம், என்ன நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். கொடுத்தவருக்குக் கூலி கிடையாது, பட்டயம் கிடையாது. அந்த ஒரு வரிதான் அவருக்கு மிச்சம். பெரும்பாலும் அதை யாரும் படிப்பதில்லை. சின்னவள் படிப்பாள். மருந்துச் சீட்டு மடிப்பைக்கூடப் பிரித்துக் கடைசி வரிவரை படிக்கிற ரகம் அவள்.

படித்ததுதான் வினையாகப் போயிற்று.

சேர்ந்த புதிதில் அந்தக் குறிப்புகளைப் பார்த்தபோது அவளுக்குக் கை அரித்தது. ஒன்றில் பெயர் முன்னால், வருஷம் பின்னால். இன்னொன்றில் வருஷமே இல்லை. ஒருவர் முழுப்பெயர் போட்டிருந்தார், ஒருவர் பட்டப்பெயர், ஒருவர் வெறும் இரண்டு எழுத்து. சில இடத்தில் ஒரு வரி, சில இடத்தில் நாலு வரி. கலந்து கிடந்த பொத்தான் டப்பா கணக்காக இருந்தது அவளுக்கு. ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒற்றைக் கட்டளை எழுதினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாக் கோப்புகளிலும் எல்லாக் குறிப்பும் ஒரே வரியாக மாறிவிட்டது: "பதிப்புரிமை: கையேட்டுக் குழுவினர்." இனி யாராவது வேறு மாதிரி எழுதி அனுப்பினால் சிவப்பு காட்டித் திருப்பி அனுப்புகிற ஒரு சோதனையையும் அதோடு சேர்த்தே வைத்தாள். குழுவில் எல்லோரையும்விட இரண்டு வயது மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் பெரியவர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருங்கிணைப்பாளர், கையேடு இப்போதுதான் பார்க்கும்படி இருக்கிறது என்று பாராட்டினார். எழுதியவர்கள் குழுவினர், அதனால் குழுவினர் என்று போடுவதில் என்ன தப்பு என்பது அவள் கணக்கு. சில கோப்புகள் குழுவினருடையதே இல்லை, வெளியாள் ஒருவர் நிபந்தனையோடு கொடுத்திருந்ததை எடுத்து வந்தவை என்பது அவள் கண்ணில் படவில்லை. வேறு யார் கண்ணிலும் படவில்லை.

சில வருஷம் ஓடிற்று. சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எல்லாச் சின்ன மருத்துவ நிலையங்களுக்கும் இந்த மென்பொருளையே கொடுக்கலாம் என்றார்கள். அவர்களுக்கு மென்பொருளைவிடக் கையேடு பிடித்துப்போயிற்று. கையேட்டிலும் குறிப்பாக அதன் படங்கள். பென்சிலில் வரைந்து மையால் கோடு இழுத்த படங்கள் அவை. வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பின்சுவரில் ஒட்டக் கூடாது, கதவிலும் வைக்கக் கூடாது, நடுத்தட்டில் ஒரு சின்னச் சீசாவுக்குள் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்த வேண்டும் என்று ஒரு படம். ஒயரைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுவந்தால் கதவு சரியாகச் சாத்தாது, கீல் பக்கமாக விட வேண்டும் என்று இன்னொரு படம். முன்பு ஒருமுறை குழுவில் ஒருவர் கம்ப்யூட்டரிலேயே பளபளவென்று வேறு படங்கள் போட்டுப் பார்த்தார். அதைப் பார்த்த நர்ஸ்கள் சென்சாரைக் கொண்டுபோய் ஐஸ் பக்கத்தில் வைத்தார்கள். பழைய படங்களே திரும்பி வந்தன. மாதக் கடைசிக்குள் கையேட்டை முடித்துக் கொடுங்கள், அப்படியே எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுகிறோம் என்றது துறை.

அந்த வாரம்தான் குழுவின் முகவரிக்கு ஒரு சின்னத் தகவல் வந்தது. எழுதியவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒரு கிளினிக்கில் ரிப்பேருக்குப் போனபோது சுவரில் உங்கள் கையேட்டுப் பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். படத்தில் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்குகிற கட்டம் போட்ட துணி எங்கள் வீட்டுத் துணி, கீழே இருக்கிற பெயர் மட்டும் யாருடையது என்று கேட்டிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதனாலேயே சின்னவளால் அதை ஒதுக்கிவைக்க முடியவில்லை.

அந்தப் படத்தின் கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தேடினாள். வந்தது அவள் பெயர். "குறிப்புகளை ஒரே மாதிரி ஆக்கினேன்" என்று பக்கத்தில் விளக்கமும் அவளே எழுதி வைத்திருந்தாள். அவள் அழிப்பதற்கு முன்னால் அங்கே இருந்தது: "படங்கள்: ஃபிரிட்ஜ்காரர், போர்டுக்காரி. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், கொடுக்கலாம். எங்கள் பெயரை நாங்கள் எழுதியபடியே வைக்க வேண்டும். மீறினால் இந்த அனுமதி தானாகவே முடிந்துவிடும்."

தானாகவே என்ற சொல்லை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைத் திரும்பப் போட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதிவிட்டால் தீர்ந்தது, ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்ன கோர்ட்டுக்கா போகப் போகிறார் என்றார். சின்னவள் தலையாட்டவில்லை. பெயரை எடுத்த அன்றைக்கே அனுமதி போய்விட்டது, இத்தனை வருஷமும் அனுமதி இல்லாமல்தான் வைத்திருக்கிறோம், அவர்கள் புதிதாகக் கொடுத்தால்தான் உண்டு என்றாள். அவர்கள் கொடுக்காவிட்டால் என்று பெரியவர் கேட்டார். படங்களை எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். படம் இல்லாத கையேடு நூற்றுக்கணக்கான கிளினிக்குகளுக்குப் போகும். எங்கோ ஒரு நர்ஸ் சென்சாரை ஐஸ் பக்கம் வைப்பார். ஊசி மருந்து கெடும், போனில் சரியான தகவல் வராது.

"நம்ம கையேட்டுலயே, இதை எடுத்துக்குறவங்க எழுதினவங்க பேரை அழிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கோம். அதை எழுதினதும் நான்தான்" என்றாள்.

பெரியவர் பேனாவைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, போய்க் கேட்டுப் பார் என்றார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். மனிதர் தங்கமாகப் பேசினார். எனக்கென்னம்மா, நல்ல காரியம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"வீட்ல முடியாதுன்னுட்டாங்க."

படங்களுக்கு இரண்டு பேர் சொந்தம் என்றால் ஒருவர் மட்டும் சரி என்பது காணாது. சின்னவள் நேரிலேயே போவது என்று முடிவு செய்தாள். விஷயம் கேட்டதும் அக்கா கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டாள். அவள் வரத் தேவையில்லை என்று சின்னவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டு விழுந்தால் பாதியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்றாள். பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம், இவள் எழுதுகிற கையேடு நாடு முழுக்கப் போகப் போகிறது என்று ஆரம்பித்தாள். சின்னவள் முழங்கையால் இடித்தாள். எதற்கு இடிக்கிறாய், பொய்யா சொல்கிறேன் என்று அதையும் சத்தமாகவே கேட்டாள்.

கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படியில் பாதி அகலத்துக்குப் பழைய ஃபிரிட்ஜ் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மேலே முன்னறையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒரு மரப்பலகையைச் சாய்த்துவைத்துக் கொண்டு ஓர் அம்மாள் எழுத்து வரைந்துகொண்டிருந்தார். தலையில் நரை, விரல் நுனியில் நீலப் பெயிண்ட். கடைகளுக்கும் வீடுகளுக்கும் பெயர்ப் பலகை, வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுவது அவர் தொழில். மெக்கானிக் வாசலில் நின்று வாங்க வாங்க என்றார். அம்மாள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சின்னவள் தான் யார் என்று சொன்னாள். அம்மாள் எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஊர்ல இருக்கிறவங்க பேரெல்லாம் எழுதறது என் பிழைப்பு. டாக்டர் பேரு, வக்கீல் பேரு, கடைக்காரர் பேரு. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட விடுவாங்களா? நானா ஆசைப்பட்டு என் பேரை எழுதிக்கிட்டது ஒரே ஒரு எடத்துல. அதையும் யாரோ துடைச்சிட்டாங்க."

"யாரோ இல்லம்மா. நான்தான்."

"வேணும்னேயா?"

"இல்ல. எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னு."

"ஒழுங்கு" என்று அம்மாள் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார். அது பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது.

மெக்கானிக் நடுவில் புகுந்தார். தான் ஏற்கெனவே ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டதாகவும், பாவம் சின்னப் பெண் என்றும் இழுத்தார். அம்மாளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்கள் ஆட்சேபணையை இங்கே யார் கேட்டது, கோடு போட்ட கை எது என்றார். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொன்ன வாய் எது என்று மெக்கானிக் திருப்பிக் கேட்டார். கிளினிக்குக் கிளினிக் போய் நான் போட்ட படம் என்று பீற்றிக்கொண்டது யார் என்று அம்மாள் கேட்டார். ஒரே ஒரு இடத்தில்தான் அப்படிச் சொன்னேன், அதுவும் வாய் தவறி என்றார் மெக்கானிக். இந்தச் சண்டை பல வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறது, தாங்கள் நடுவில் வந்து நுழைந்திருக்கிறோம் என்பது சின்னவளுக்குப் புரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

சின்னவள் சமாதானம் பேசவில்லை. துறைக்குக் கையேடு போக வேண்டிய கதையை மட்டும் சொன்னாள். நீங்கள் முடியாது என்றால் படங்களை இன்றைக்கே எடுத்துவிடுவேன், அது உங்கள் உரிமை என்றாள். அப்புறம் நர்ஸ்கள் என்ன செய்வார்கள் என்று மெக்கானிக் கேட்டதற்கு, எழுத்தால் எவ்வளவு சொல்ல முடியுமோ சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் ஒயர் எந்தப் பக்கம் என்பதை உங்கள் படம் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாள். அது முகஸ்துதி இல்லை என்று அம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்திருக்கிற காகிதத்தைக் காட்டு என்றார்.

இந்தத் தவறு தெரிந்த பிறகு சின்னவள் எழுதிய காகிதம் அது. படம் கொடுப்பவர் சொல்ல வேண்டியது நாலே வாக்கியம். முதல் வாக்கியம், இந்தப் படங்கள் ஒவ்வொன்றும் நாங்களே செய்தவை, வேறு எங்கிருந்தும் எடுத்தவை அல்ல என்பது. அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். முதல் வாக்கியத்திலேயே விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். அவர் மாடிப்படியில் சாய்த்துவைத்த கதவுகளை எண்ணுகிறவர் போல வெளியே பார்த்தார்.

பலகையில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒவ்வொண்ணுமா?" என்று அம்மாள் கேட்டார்.

"ஆமாம்மா. ஒவ்வொண்ணும்."

ஒன்று மட்டும் இல்லை என்றார் அம்மாள். ஃபிரிட்ஜின் பின்சுவருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று எந்தப் பிளவு வழியாக வருகிறது என்று காட்டுகிற படம். அந்த மாதிரி ஃபிரிட்ஜ் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பிரித்துப் பார்க்க மெக்கானிக் கையில் ஒன்றுகூட இல்லை. கம்பெனிக்காரன் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. அம்மாள்தான் ஜன்னல் கண்ணாடியில் அதை வைத்து, மேலே தாளை வைத்து அப்படியே இழுத்துவிட்டார். கீழே தங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிட்டார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, யார் வந்து கேட்கப் போகிறார்கள், போடு கையெழுத்தை என்றார். பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அம்மாள் பேனாவை மூடிவைத்தார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டு இந்தப் பொண்ணை நான் எப்படித் திட்டறது?"

அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அம்மாள் முறைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் வாயோரம் லேசாக வளைந்தது.

அந்த ஒரு படத்தை விட்டுவிடலாம், மற்றவற்றை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள் சின்னவள். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் மருந்துப் பாட்டிலைக் காற்றுப் பிளவுக்கு நேரே வைப்பார்கள், மருந்து உறைந்துபோகும், மற்றப் படம் எல்லாம் இருந்தும் வீண் என்றார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் குரலே மாறியது. அப்போது கையில் இல்லாத அந்த மாதிரி ஃபிரிட்ஜ் இப்போது எங்கே இருக்கிறது, பார்த்துப் புதிதாகவே வரைந்துவிடலாமே என்று அம்மாள் கேட்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சமையலறையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா இன்றைக்கும் அளவு கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டு ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். பால், தக்காளி, மாவு, முட்டை, நேற்றைய குழம்பு எல்லாம் தரைக்கு வந்தன. அக்கா பாலை ஈரத்துணி சுற்றி வாளிக்குள் வைத்து, கெட்டுப்போகிறது முதலில், கெடாதது கடைசியில் என்று வரிசை கட்டினாள். மெக்கானிக் தட்டுகளை உருவி, உள்ளே பின்சுவரின் பிளாஸ்டிக் மூடியைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பனி பிடித்த குழாய்கள் வளைந்து வளைந்து கிடந்தன. தலையையும் ஒரு தோளையும் ஃபிரிட்ஜுக்குள் விட்டு டார்ச் அடித்தார். அம்மாள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடியில் பலகையை வைத்து வரைந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு வந்தது. சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே காட்டுங்க, இன்னும் மேலே, கையை ஆட்டாதீங்க என்றார் அம்மாள். உனக்கென்ன, எனக்குக் கழுத்து உறையுது என்று ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து பதில் வந்தது. அந்தப் பிளவு இரண்டா மூன்றா என்று அம்மாள் கேட்க, மூன்று, மூன்றாவது அடைத்திருக்கிறது, நம் வீட்டுத் தயிர் புளிக்காமல் உறைந்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். அதையும் படத்தில் போடு, மூன்றாவது அடைத்தால் குளிர் எல்லாம் நடுத்தட்டுக்குத்தான் வரும் என்றார். கம்பெனிக்காரன் படத்தில் அது கிடையாது. அம்மாள் போட்டார்.

படம் முடிந்தது. கீழே பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் அம்மாள் பேனாவை நிறுத்தி, கதவைப் பிடித்தவளுக்கும் பங்கு உண்டா என்று கேட்டார். சின்னவள் அவசரமாக இல்லை என்றாள். கதவு பிடிப்பதற்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது, உருவம் கொடுத்தவருக்குத்தான் அது என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து மெக்கானிக் மெல்ல வெளியே வந்தார். தலைமுடியில் பனித்தூள். டார்ச்சை அணைத்தார்.

"அப்ப டார்ச் பிடிச்சவனுக்கு?"

அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. இத்தனை வருஷம் போட்ட சண்டையில் ஒரே வாக்கியத்தில் தோற்றுவிட்ட மனிதரின் முகம் அது.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக்கொண்டு எழுதினார். முதல் வரியில் போர்டுக்காரி. அதற்குக் கீழே, அதே உயரத்தில், அதே தடிமனில், ஃபிரிட்ஜ்காரர்.

"இவர் சொல்லலேன்னா நான் முட்டை வைக்கிற தட்டை அழகா வரைஞ்சிருப்பேன்" என்றார் அம்மாள் சின்னவளிடம். "ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு நாங்க ரெண்டு பேரும் சொன்னா உங்க சட்டம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்மா."

"அப்ப எழுதிக்கோ. முன்னால அவர் பேரு முதல்ல, என் பேரு அப்புறம். இப்ப நான் மேல. எல்லாப் படத்துக்கும்."

மெக்கானிக் வரிசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாலை உள்ளே வைப்பதற்குள் அது வெதுவெதுப்பாகிவிட்டதால் எல்லோருக்கும் டீ போட்டுத் தீர்த்தார்கள்.

அலுவலகத்தில் சின்னவள் படங்களை ஏற்றியபோது, இரண்டு வரிப் பெயரைப் பார்த்து அவள் வைத்த சோதனை சிவப்பைக் காட்டியது. அவளையே அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். பெரியவர் சிரித்தார். சின்னவள் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினாள். பெயர் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, ஆனால் இருந்த பெயர் காணாமல் போனால் கத்தும். பிறகு, அன்றைக்கு ஒரே கட்டளையில் அழித்த பெயர்களை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து திரும்ப எழுதினாள். வெளியாட்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லி அனுமதி கேட்டாள். பெரும்பாலோர் சரி என்றார்கள். ஒருவர், அப்படி ஒன்று எழுதியதே எனக்கு மறந்துவிட்டது, ஞாபகப்படுத்தியதற்கு நன்றி என்றார். ஒருவரிடமிருந்து பதிலே வரவில்லை. அவர் எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டு, அதைப் பார்க்காமல் புதிதாக அவளே எழுதினாள். கையேடு மாதக் கடைசியில் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அதைக் கேள்விப்பட்டு, பூகோளம் முழுக்கப் போய்விட்டது என்று கடையில் சொன்னாள்.

மறுநாள் போர்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. கையேட்டைப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். படம் நன்றாக வந்திருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்றார். பெயர்தான்.

"எங்க இருக்குன்னே தெரியல. எறும்பு வந்து படிச்சாத்தான் உண்டு."

"அந்தக் குறிப்பு எப்பவும் பொடி எழுத்துலதான்மா இருக்கும். எல்லாக் கையேட்டுலயும் அப்படித்தான்."

"ஏன்?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. போர்டு என்றால் எதிர்ச் சாரியிலிருந்து படிக்க முடிய வேண்டும், காகிதம் என்றால் கையில் பிடித்தால் படிக்க முடிய வேண்டும், அதுகூட இல்லாமல் எதற்குப் பெயர் என்று கேட்டார் அம்மாள். கேட்டுவிட்டு, பலகை காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

பக்கத்தின் அடிக்குறிப்பு எழுத்தின் அளவை ஒரே இடத்தில் மாற்றினால் கையேடு முழுக்க மாறும். சின்னவள் மாற்றினாள். ஆனால் உடனே அமுக்கிவிடவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வெளியிட்டாள். முழுப்பெயர்கள், பட்டப்பெயர்கள், வெறும் இரண்டு எழுத்துகள், ஒரு வரி, நாலு வரி.

சாயங்காலம் பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். கீழே என்ன, எல்லாம் இவ்வளவு பெரிசாக இருக்கிறது என்றார்.

"பேரு எழுதறவங்க சொன்னாங்க" என்றாள் சின்னவள்.